ஆப்பும் ஆப்பும் பேசிக்கொள்ளுமா?

வாசகர் கேள்வி – பதில்

ஜிபேயில் இருந்து போன்பேவுக்குப் பணம் போகுதுங்க. ஏர்டெல்லில் இருந்து ஜியோவுக்குக் கூப்பிட முடியுது. வாட்ஸ்ஆப்பில் இருந்து டெலிகிராமுக்கோ ஸோஹோவின் 'அரட்டை' ஆப்புக்கோ ஒரு வரி அனுப்ப முடியலையே, ஏனுங்க?
– மஞ்சள் வியாபாரி, ஈரோடு

பணம் போவதற்குக் காரணம், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒருவர் இருப்பது. 2016-இல் யுபிஐ வந்தபோது அதை நடத்தும் என்பிசிஐ ஒரே பேச்சுமுறையை வகுத்து, உள்ளே வருகிற வங்கியும் ஆப்பும் அதில்தான் பேச வேண்டும் என்று வைத்துவிட்டது. ஜிபேயும் போன்பேயும் முன்கடைகள். பின்னால் இருக்கும் கிடங்கு ஒன்றுதான். போன் கம்பெனிகளும் தங்களுக்குள் இணைப்புக் கொடுத்தே ஆக வேண்டும். அது உரிம நிபந்தனை. செய்தி ஆப்புகளுக்கு நம் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லை. ஒவ்வொன்றும் தனி மண்டி. ஒரு மண்டிச் சீட்டு இன்னொரு மண்டியில் செல்லாது.

வழி தெரியாமல் இப்படி ஆகிவிடவில்லை. 1999-இல் ஜாபர் என்று தொடங்கி, 2004-இல் எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் இணையத் தரமாகவே ஏற்கப்பட்ட பொதுமுறை ஒன்று இருக்கிறது. ஈமெயில் மாதிரி, எந்த சர்வரில் கணக்கு இருந்தாலும் வேறு சர்வரில் இருப்பவருக்கு அனுப்பலாம். கூகுள் டாக் 2006-இல் அந்தக் கதவைத் திறந்தது. 2013-இல் ஹேங்அவுட்ஸ் வந்ததும் சாத்தத் தொடங்கியது. யாஹூ மெசஞ்சரும் மைக்ரோசாஃப்ட் மெசஞ்சரும் 2006-இல் கைகோத்து 2012 டிசம்பரில் பிரிந்தன. அதற்கும் முன்னால், 1999-இல், மைக்ரோசாஃப்ட் தன் மெசஞ்சரை அமெரிக்க இணையக் கம்பெனி ஏஓஎல்லின் மெசஞ்சர் ஆட்களோடு பேச வைத்தது. ஏஓஎல் அடைக்க, இவர்கள் சந்து கண்டுபிடிக்க, அவர்கள் மறுபடி அடைக்க என்று மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. வாட்ஸ்ஆப்பே ஆரம்பத்தில் எக்ஸ்எம்பிபியைத் தன் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டதுதான். துணி அதே துணி. பொத்தான் மட்டும் வேறு யார் சட்டைக்கும் பொருந்தாது.

கூட்டம் யாரிடம் அதிகமோ, கதவு திறந்தால் நஷ்டம் அவருக்கு. பெரிய காரணம் அதுதான். ஆனால் இன்றைக்கு நிஜமான இடைஞ்சலும் ஒன்று உண்டு. 2016 ஏப்ரலில் இருந்து வாட்ஸ்ஆப் செய்திகள் எல்லாமே அனுப்புபவர் போனில் பூட்டப்பட்டு, பெறுபவர் போனில்தான் திறக்கின்றன. டெலிகிராமின் சாதாரணப் பேச்சு அப்படியல்ல. அவர்கள் சர்வரில் இருக்கிறது, சாவி அவர்களிடமும் உண்டு. இரண்டையும் கோத்தால் யாராவது நடுவில் நின்று பூட்டைத் திறந்து வேறு பூட்டுப் போட வேண்டும். அந்த ஆள் யார், அவரை எதற்கு நம்புவது?

ஐரோப்பாவில் சட்டம் போட்டுக் கதவைத் தட்டினார்கள். அங்குள்ள டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ் 2023 செப்டம்பரில் வாட்ஸ்ஆப்பும் மெசஞ்சரும் கதவைத் திறந்தாக வேண்டியவர்கள் பட்டியலில் ஏறின. முதலில் இருவருக்கு இடையே எழுத்து, படம், குரல், வீடியோ, கோப்பு. இரண்டு வருடத்தில் குழு. நான்கு வருடத்தில் அழைப்பு என்று படிப்படியாகத் திறக்க வேண்டும். 2025 நவம்பரில் பேர்டிசாட், ஹைக்கெட் என்ற இரண்டு சிறிய ஆப்புகளோடு பேசும் வசதியை வாட்ஸ்ஆப் அங்கே அறிவித்தது. அது ஐரோப்பியப் பயனாளர்களுக்கு மட்டும். இங்கே செட்டிங்ஸில் தேடினால் இருக்காது. அரட்டையைப் பொறுத்தவரை, யுபிஐ, ஈமெயில் மாதிரி செய்தி ஆப்புகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு 2025-இல் வெளிப்படையாகச் சொன்னார். நல்ல யோசனைதான். எதிரே இருப்பவரும் கதவைத் திறந்தால்தான் பாதை ஆகும்.

சரக்கு வாங்கும் பையர் வாட்ஸ்ஆப்பில், அவர்களுடைய ஐரோப்பிய ஆபீஸ் டீம்ஸில், ஜிப்பர் சப்ளையர் சீனாவில் வீசாட்டில், கொரியாக்காரர் காக்காவ் டாக்கில். எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் பார்க்க வழி உண்டா?
– பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர், திருப்பூர்

ஒரே ஜன்னல் போதுமா, ஒரே ஆப்தான் வேண்டுமா? இரண்டும் வேறு வேலை.

ஜன்னல் போதும் என்றால் ஃபெர்டியம், ராம்பாக்ஸ் போன்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போடுங்கள். ஒவ்வொரு சேவையின் வெப் பக்கத்தையும் பக்கவாட்டில் ஒரு பட்டனாக அடுக்கித் தரும். எதுவும் எதனோடும் சேராது; இங்கே வந்ததை அங்கே அனுப்ப காப்பி – பேஸ்ட்தான். நான்கு சேவை திறந்தால் நான்கு பிரவுசர் திறந்த பாரம், 4 ஜிபி ரேம் மெஷின் மூச்சு வாங்கும். 8 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப்பில் ஒரு எண்ணுக்குப் போன் தவிர இணைப்புச் சாதனம் நான்குதான். 14 நாள் அந்தப் போனில் வாட்ஸ்ஆப்பைத் திறக்காவிட்டால் எல்லாம் கழன்றுவிடும். கம்பெனி எண் உள்ள போனை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் வரவில்லை என்று குழம்புவது இதனால்தான்.

ஒரே ஆப்தான் வேண்டும் என்றால் அது 'பாலம்' போடும் வேலை. 2014-இல் வந்த மாட்ரிக்ஸ் என்ற பொதுமுறையில் ஒரு சர்வர் வைத்து, அதில் வாட்ஸ்ஆப், டெலிகிராம், சிக்னல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாலம் நிறுவி, வாட்ஸ்ஆப்பின் 'இணைத்த சாதனங்கள்' க்யூஆரை ஸ்கேன் செய்தால், பாலம் அந்த நான்கு இணைப்புச் சாதனங்களில் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். மாட்ரிக்ஸுக்கான எலிமென்ட் ஆப்பில் எல்லாப் பேச்சும் வரும். இதையே தயார் நிலையில் தருவது பீப்பர். வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2024-இல் அதை வாங்கியது.

மூன்று இடத்தில் இடறும். பாலம் உள்ள சர்வரில் செய்தி திறந்து மறுபடி பூட்டப்படுகிறது. ஆகவே சர்வர் யார் கையில் இருக்கிறதோ அவர் படிக்கலாம். பையரோடு ரகசியம் காக்கும் ஒப்பந்தம் போட்டிருந்தால் வாடகைச் சர்வரில் இதைச் செய்யாதீர்கள். இரண்டாவது, வாட்ஸ்ஆப் இதை அனுமதித்த வழியாகக் கருதுவதில்லை. புது எண்ணில் பாலம் போட்டு ஒரே நாளில் ஐம்பது பேருக்கு அனுப்பினால் கணக்கு முடங்கலாம். மூன்றாவது, எதிர்ப்பக்கம் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் பாலம் ஒருநாள் இரண்டு நாள் படுத்துவிடும். 2023 டிசம்பரில் பீப்பர் மினி ஆண்ட்ராய்டில் ஆப்பிளின் ஐமெசேஜைக் கொண்டுவந்தது. சில நாளிலேயே ஆப்பிள் அடைத்துவிட்டது. ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது இந்த விளையாட்டு ஆகாது.

வீசாட் தனிக் கதை. 2020 ஜூனில் நம் அரசு தடை செய்த 59 ஆப்புகளில் அதுவும் ஒன்று. அந்த நவம்பரில் சீன ஆபீஸ் ஆப் டிங்டாக்கும் தடையில் சேர்ந்தது. அந்தப் பக்கம் வாட்ஸ்ஆப்புக்கு 2017 முதல் சீனாவில் அடைப்பு. அங்கே இருப்பவர் விபிஎன் போட்டுத்தான் வாட்ஸ்ஆப்பில் வருகிறார். அது அறுந்தால் இரண்டு நாளைக்கு ஒற்றை டிக்தான். ஆகவே சீன சப்ளையரோடு ஈமெயிலை முதல் வழியாக வையுங்கள். யார் எந்தக் கம்பெனியில் கணக்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கொருவர் அனுப்ப முடிகிற ஒன்று இன்னும் அதுதான். பிஓ (கொள்முதல் ஆணை), அளவுப் பட்டியல், ஒப்புதல் எல்லாம் ஈமெயிலில். 'சரக்கு ஏறிடுச்சா' மட்டும் ஆப்பில். இன்னொன்று: லேப் டிப் (சாய மாதிரித் துணி) நிறத்தை எந்த ஆப்பில் வந்த போட்டோவைப் பார்த்தும் ஓகே சொல்லாதீர்கள். அங்கே இடிப்பது ஆப் இல்லை, திரை.

முட்டை விலை சொல்லும் வாட்ஸ்ஆப் குழு நிறைந்துவிட்டது. பழைய செய்திகளோடு டெலிகிராமுக்கு மாற்ற முடியுமா?
– கோழிப்பண்ணையாளர், நாமக்கல்

முடியும். வாட்ஸ்ஆப் குழுவுக்கு 1,024 பேர்தான் எல்லை. டெலிகிராமில் 2 லட்சம். 2021 ஜனவரியில் இருந்து டெலிகிராம் பழைய பேச்சை உள்ளே வாங்கிக்கொள்கிறது.

ஆண்ட்ராய்டில் குழுவைத் திறந்து, மேலே மூன்று புள்ளி, 'மேலும்', 'சாட் ஏற்றுமதி'. படங்களோடு வேண்டுமா என்று கேட்கும். படம் இல்லாமல் கடைசி 40,000 செய்தி வரை வரும். படத்தோடு என்றால் 10,000. அதற்கு முந்தியவை வராது. பகிரும் பட்டியலில் டெலிகிராமைத் தேர்ந்தெடுத்து, புதுக் குழுவிலோ நீங்கள் அட்மினாக இருக்கும் குழுவிலோ இறக்குங்கள். எல்லாச் செய்தியும் இன்றைய தேதியில் வந்து நிற்கும். பழைய தேதி ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிறிதாக இருக்கும்.

ஏற்றுமதியே ஆகவில்லை என்றால் குழுத் தகவலில் 'மேம்பட்ட சாட் தனியுரிமை' ஆன் செய்திருப்பார்கள். 2025-இல் வந்த வசதி; அதை நிறுத்தினால்தான் நகரும்.

ஒரு எச்சரிக்கை. ஏற்றுமதியாகும் பெயர், ஆட்கள் வைத்த பெயர் அல்ல. உங்கள் போனில் நீங்கள் சேமித்த பெயர். தீவனக்காரரை 'பாக்கி தராதவர்' என்று சேமித்திருந்தால், புதுக் குழுவில் அத்தனை பேரும் அவரை அந்தப் பெயரில்தான் பார்ப்பார்கள். முதலில் போன்புக்கைத் துடையுங்கள். டெலிகிராம் குழுவில் இருமுனைப் பூட்டு கிடையாது என்பதையும் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.

தினமும் விலை மட்டும் சொல்வதானால் குழுவே தேவையில்லை. வாட்ஸ்ஆப் சேனல் தொடங்குங்கள். ஒருவழிப் பாதை, ஆள் எண்ணிக்கைக் கவலை இல்லை, பின்தொடர்பவர் எண் மற்றவருக்குத் தெரியாது, 'குட் மார்னிங்' பூவும் வராது.

மகன் ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறினான். அவன் மாமன் ஐபோனில் இருந்து போடும் மெசேஜ் மட்டும் வருவதில்லை. நான் தமிழில் எஸ்எம்எஸ் போட்டால் காசும் இரண்டு மடங்கு போகிறது.
– குடும்பத்தலைவி, கோபி

மாமன் போன் இன்னும் உங்கள் மகன் எண்ணை ஐமெசேஜ் எண் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. செய்தி ஆப்பிள் சர்வருக்குப் போய், இல்லாத ஐபோனைத் தேடுகிறது. சிம்மைக் கழற்றும் முன் ஐபோன் செட்டிங்ஸில் மெசேஜஸுக்குப் போய் ஐமெசேஜை அணைத்திருக்க வேண்டும், ஃபேஸ்டைமையும்தான். இப்போது பழைய போன் கையில் இருந்தால் அந்த சிம்மைப் போட்டு அணைக்கலாம். விற்றுவிட்டால், ஐமெசேஜ் பதிவை நீக்கும் பக்கம் ஆப்பிள் இணையதளத்தில் உண்டு. எண்ணைக் கொடுத்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டால் போதும். மாமன் பக்கம் பழைய உரையாடலை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள்.

காசு விஷயம். ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 140 பைட்தான் இடம். ஆங்கிலம் 160 எழுத்து அடங்கும். தமிழில் ஓர் எழுத்துக் குறி ஏறினாலும் முழுச் செய்தியும் 70 குறிக்கு இறங்கிவிடும். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் குறி: 'மஞ்சள்' நமக்கு நான்கெழுத்து, போனுக்கு ஆறு. 70 தாண்டினால் 67, 67 ஆக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம்.

இதைத் தவிர்க்க ஆர்சிஎஸ் இருக்கிறது. போன் எண்ணையே வைத்து நெட் வழியாகப் போகும் புதிய எஸ்எம்எஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மெசேஜஸில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் 'ஆர்சிஎஸ் சாட்ஸ்' ஆன் செய்யுங்கள். நிலை 'கனெக்டட்' என்று வர வேண்டும். இரண்டு சிம் என்றால் எந்த சிம்முக்கு ஆன் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அங்கேயே 'தானாக எஸ்எம்எஸ்ஸாக அனுப்பு' என்பதை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் நெட் இல்லாத நேரம் மறுபடி காசு பிடிக்கும். ஐபோனில் 2024 செப்டம்பரின் ஐஓஎஸ் 18 முதல் இந்த வசதி உண்டு, ஆனால் சிம் கம்பெனியும் ஆதரிக்க வேண்டும். செட்டிங்ஸில் அந்த வரியே தெரியவில்லை என்றால் தடை கம்பெனிப் பக்கம். ஆண்ட்ராய்டும் ஐபோனும் பேசும்போது பூட்டுச் சின்னம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அந்தரங்கம் எழுதுங்கள். 2025 மார்ச்சில் வந்த யூனிவர்சல் புரொஃபைல் 3.0-தான் அதற்கு வழி செய்தது, இரண்டு பக்கமும் அதற்கு ஏறியிருக்க வேண்டும்.

எங்கள் துறைக்குச் சொந்தமாக, வெளி சர்வரோடும் பேசுகிற மெசேஜ் சர்வர் வைக்க ஆசை. எதில் தொடங்குவது?
– பொறியியல் மாணவர், பீளமேடு

எக்ஸ்எம்பிபியில் தொடங்குங்கள். மாட்ரிக்ஸ் வசதி கூடியது, ஆனால் அதன் சினாப்ஸ் சர்வர் பெரிய அறைகளில் சேர்ந்தால் ரேமையும் டிஸ்க்கையும் தின்னும். எக்ஸ்எம்பிபியில் புரோசடி, ஈஜாபர்டி இரண்டும் நல்ல சர்வர்கள்; ஒரு துறைக்குப் புரோசடி சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்றிலேயே ஓடும்.

ஹாஸ்டல் லைனிலோ வீட்டு பிராட்பேண்டிலோ வைக்காதீர்கள். பெரும்பாலும் பொது ஐபி கிடைக்காது. பல வீடுகளுக்கு ஒரே ஐபியைப் பங்கு போட்டிருப்பார்கள், வெளியில் இருந்து உள்ளே வர வழி இருக்காது. திறக்க வேண்டிய போர்ட் இரண்டு: ஆப்புகளுக்கு 5222, சர்வருக்கும் சர்வருக்கும் 5269. 'எங்களுக்குள் பேச முடிகிறது, வெளியே போகவில்லை' என்றால் பத்துக்கு ஒன்பது தடவை 5269 ஃபயர்வாலில் அடைபட்டிருக்கும். டொமைன் ஒரு பெயர், சர்வர் வேறு பெயர் என்றால் எந்த சர்வர், எந்த போர்ட் என்று வழிகாட்டும் எஸ்ஆர்வி பதிவு டிஎன்எஸ்ஸில் இரண்டு போர்ட்டுக்கும் தேவை. டிஎல்எஸ் சான்றிதழில் இருக்க வேண்டியது சர்வர் பெயர் அல்ல, முகவரியில் வரும் டொமைன் பெயர். இதில் பலர் ஒரு வாரம் தொலைப்பார்கள்.

ஆண்ட்ராய்டு போனுக்குக் கான்வர்சேஷன்ஸ், ஐபோனுக்கு மோனல், கம்ப்யூட்டருக்குக் கஜிம் அல்லது டினோ. பூட்டுக்கு ஒமெமோ. ஒருவர் ஆப்பில் ஒமெமோ இல்லாவிட்டால் அவருக்கு 'ஒமெமோ பூட்டிய செய்தி அனுப்பினேன், உங்கள் ஆப்பால் திறக்க முடியாது' என்ற ஆங்கில வரி மட்டும் போய்ச் சேரும். அது பழுதல்ல. எல்லோர் ஆப்பும் ஒரே ஒமெமோ பதிப்பா என்று பாருங்கள், பழைய 0.3-உம் புதிய 0.8-உம் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது.

பெட்ஷீட் டிசைன் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் பிரிண்டில் மங்கல். டெலிகிராமில் அனுப்பினாலும் அப்படியே.
– டிசைனர், சென்னிமலை

படமாக அனுப்புகிறீர்கள், கோப்பாக அனுப்புங்கள். வாட்ஸ்ஆப் சாதாரணப் படத்தை நீளப் பக்கம் சுமார் 1,600 புள்ளிக்குச் சுருக்கிவிடும். 300 டிபிஐ-யில் அச்சடித்தால் அது ஐந்தே கால் அங்குலம். பெட்ஷீட்டுக்கு என்ன ஆகும்? பேப்பர் கிளிப் சின்னத்தைத் தொட்டு 'டாக்குமென்ட்' வழியாக எடுத்தால் 2 ஜிபி வரை ஒரு புள்ளிகூடக் குறையாது. டெலிகிராமில் 'ஃபைல்'. 2023-இல் வந்த எச்டி பட்டன் வாட்ஸ்ஆப்பில் உண்டு. கல்யாண போட்டோவுக்கு அது போதும், அச்சுக்குப் போதாது.

ஐபோனில் எடுத்ததை டாக்குமென்டாக அனுப்பினால் எச்இஐசி வடிவில் போகும். பழைய விண்டோஸ் திறக்காது. கேமரா செட்டிங்ஸில் 'ஃபார்மேட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைத்தால் ஜேபெக் ஆகிவிடும்.

டிடிபியில் பாமினி எழுத்துருவில் அடித்த பத்திரிகை மேட்டரை வாட்ஸ்ஆப்பில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வருகிறது.
– அச்சகத்தார், பவானி

உள்ளே இருப்பதே ஆங்கில எழுத்துதான். பாமினி அதன்மேல் தமிழ் முகமூடி போடுகிறது. வாட்ஸ்ஆப்பில் அந்த முகமூடி இல்லை. படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துரு உள்ளேயே போய்விடும். திருத்த வேண்டும் என்றால் பாமினி – யுனிகோடு மாற்றியில் போட்டு எடுங்கள். மாற்றியபின் 'ர' வர வேண்டிய இடத்தில் எல்லாம் பாருங்கள்: காலும் ரகரமும் அச்சில் ஒரே மாதிரி தெரியும் என்று அடிப்பவர்கள் ஒன்றுக்கு ஒன்றை அடித்துவைத்திருப்பார்கள். முகூர்த்தப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரே உடைந்து நிற்கும்.

ஜிபி வாட்ஸ்ஆப்பில் எல்லா வசதியும் இருக்கே, போடலாமா?
– கல்லூரி மாணவர், உடுமலை

வேண்டாம். வாட்ஸ்ஆப் சர்வரோடு திருட்டுச் சாவியில் பேசும் ஆப் அது. முதலில் தற்காலிகத் தடை, பிறகு எண்ணே முடங்கும். உங்கள் செய்தியை வேறு யார் படிக்கிறார்கள் என்பது அதைச் செய்தவருக்குத்தான் வெளிச்சம். ஏற்கெனவே போட்டிருந்தால் தேவையான பேச்சை ஏற்றுமதி செய்து ஈமெயிலுக்கு அனுப்பிவிட்டு, அதை நீக்கி, பிளே ஸ்டோர் ஆப்பை ஏற்றுங்கள்.

என் சொந்த எண்ணிலேயே வாட்ஸ்ஆப்பும் வாட்ஸ்ஆப் பிசினஸும் வைக்க முடியுமா?
– எண்ணெய்ச் செக்கு உரிமையாளர், காங்கேயம்

ஒரே எண் இரண்டு ஆப்பிலும் நிற்காது. ஒன்றில் பதிந்தால் மற்றதில் இருந்து வெளியேறும். இன்னொரு சிம் வாங்க வேண்டியதில்லை. கடை லேண்ட்லைனே போதும். பிசினஸ் ஆப்பில் நாட்டுக்குறி 91 வைத்து, எஸ்டிடி குறியீட்டின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிட்டு எண்ணைப் போடுங்கள். எஸ்எம்எஸ் வராது, சற்றுப் பொறுத்தால் 'கால் மீ' என்று வரும். அதைத் தொட்டால் கடை போன் அடிக்கும், குறியீட்டை ஆங்கிலத்தில் சொல்லும். பக்கத்தில் பேனா வைத்துக்கொள்ளுங்கள். செக்கு ஓடும் சத்தத்தில் கேட்காது.